முளைக்கு அந்தப் பக்கத்து வீடுகள்

ஆய்வுத் திட்டங்களைக் கேட்கும் குழுவில் இந்த வருடம் உங்களில் மூன்று பேரைப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துகள். நல்ல நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, நடுவில் தேநீர், அதோடு இரண்டு பிஸ்கட். மாணவன் திரையில் படம் காட்டுவான். நீங்கள் "உன் ஆய்வின் எல்லை எது?" என்று கேட்பீர்கள். வேறு எதுவும் தோன்றாதபோது கேட்பதற்கென்றே உண்டான கேள்வி அது. நானும் அதைக் கேட்டுப் பல வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அதனால் குறை சொல்லவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் துறையில் இந்த நாற்காலி கிடையாது. புவியியலில் முதுகலை முடித்து ஆய்வுக்கு வருகிறவர்கள் தங்கள் திட்டத்தை அறைக்குள் சொல்லக் கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஊரை ஆராயப் போகிறார்களோ, அந்த ஊரில் நின்று சொல்ல வேண்டும். கேட்கிற குழு அங்கே போகும். இது துறைத் தலைவரின் ஏற்பாடு. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவர் காலமாகி இத்தனை வருடமான பிறகும் அவருக்குப் பிடிக்காததைச் செய்ய எனக்குத் துணிச்சல் வரவில்லை. நாங்கள் அவரை 'ஹெட்' என்றுதான் சொல்வோம்.

குழுவில் மூன்று பேர். ஹெட் ஒருவர். வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து வரும் வெளித் தேர்வாளர் ஒருவர். மூன்றாவது நான். முடிவை எழுதுவதற்கு ஓர் ஆள் வேண்டும், துறையிலேயே கையெழுத்து நன்றாக இருந்தது எனக்குத்தான். ஒரு பெண் விரிவுரையாளரைக் குழுவில் சேர்த்ததற்கான காரணத்தை அன்று அவ்வளவு நேர்மையாக என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒரு வாடகை வேன், அதன் கூரையில் கயிறு போட்டுக் கட்டிய கரும்பலகை, உள்ளே நாங்கள். ஊர்வழியே போனால் நாடகக் கம்பெனி என்று பிள்ளைகள் பின்னால் ஓடி வருவார்கள்.

இடத்தில் நின்று பேசுவதில் உள்ள சங்கடங்களை அந்த வருடம் ஒரே நாளில் இரண்டு விதமாகப் பார்த்தேன். முதலாவது திருக்கழுக்குன்றத்தில். யாத்திரிகர்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள், அதனால் கடைத்தெரு எப்படி வளர்கிறது என்று ஒரு மாணவர் ஆராய விரும்பினார். நல்ல திட்டம்தான். ஆனால் கூட்டத்தை நாங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், கழுகு வரும் நேரமாகப் பார்த்து எங்களைக் குன்றின் மேல் ஏற்றிவிட்டார். மூச்சு வாங்க ஏறி நின்றோம். அவர் பேசத் தொடங்கினார். கூட்டம் முழுவதும் வானத்தைப் பார்த்தது. வெளித் தேர்வாளரும் பார்த்தார். ஹெட்டும் பார்த்தார். நானும் பார்த்தேன். கழுகுகள் வந்தன, பிரசாதத்தைச் சாப்பிட்டன, போயின. அதற்குள் திட்டமும் முடிந்துவிட்டது. ஒருவர் காதிலும் விழாத திட்டத்தில் குறை கண்டுபிடிப்பது சிரமம். ஏற்றுக்கொண்டோம்.

அங்கிருந்து வேன் மாமல்லபுரம் பக்கம் திரும்பியது. நான் சொல்ல வந்தது அங்கே நடந்ததைத்தான்.

இரண்டாவது மாணவர் பெயர் ரஹீம். செங்கல்பட்டு கடைத்தெருவில் அவருடைய அத்தாவுக்கு இரும்புக் கடை. ஆணி, கடப்பாரை, வாளி, பெயிண்ட் எல்லாம் விற்பார்கள். மூத்த பையன் கடையில் உட்காராமல் கடலைப் பார்த்துக்கொண்டு திரிகிறான் என்பது அத்தாவின் மனக்குறை. ஆனாலும் அவர் தடுக்கவில்லை. "வாத்தியாருங்க சரின்னு சொல்ற வரைக்கும் போ. வேணாம்னு சொல்லிட்டா நேரா கடைக்கு வா" என்று சொல்லியிருந்தார்.

வாத்தியார்கள் போன வருடமே ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில், மழைக்காலம்தோறும் கடல் கரையைத் தின்றுகொண்டு உள்ளே வருகிறது, அது எவ்வளவு, ஏன் என்று பார்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். அதே கரையில் நின்று அழகாகப் பேசினார். வெளித் தேர்வாளர், "இதில் நீ உன் கையால் அளந்தது எது?" என்று கேட்டார். எதுவும் இல்லை. திட்டம் திரும்பிப் போயிற்று. இரண்டாவது தடவையும் திரும்பினால் பெயரை அடித்துவிடுவார்கள் என்பது அப்போதைய விதி. ஆக, அன்று மாலை ரஹீமுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

திருப்பி அனுப்பப்பட்ட மாணவன் குழு சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்வான். இதை நினைவில் வையுங்கள். நாம் மறந்துவிடுவோம். அவன் மறக்க மாட்டான். "கையால் அளந்தது எது" என்று கேட்டோம் அல்லவா? ரஹீம் நாங்கள் வருவதற்குச் சில நாட்கள் முன்னால் குப்பத்துக்குப் போய், கரைக்கு இணையாக, குப்பத்தின் நடுவே ஒரு நேர்க்கோடு பிடித்து வரிசையாகச் சவுக்கு முளைகளை அடித்தார். ஒவ்வொரு முளையிலிருந்தும் தண்ணீர் எவ்வளவு தூரம் என்று பருவத்துக்குப் பருவம் அளந்துகொண்டே வந்தால் கடலின் போக்கு தெரிந்துவிடும். முறையில் குற்றமே சொல்ல முடியாது. முளை மணலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தலையில் பெயிண்ட் பூசினார். கடையில் மிச்சமிருந்தது சிவப்பு. பச்சை மிச்சமிருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தப் பக்கத்தில் வேறொரு ஊரில் முன்பு இதே மாதிரி சிவப்புத் தலை முளைகள் அடித்தார்கள். பிறகு ரோடு வந்தது. முளைக்கு அந்தப் பக்கம் இருந்த வீடுகள் போய்விட்டன. குப்பத்துக்காரர்களுக்கு இது தெரியும். பேன்ட் போட்ட ஒருவர் வருகிறார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோடு பார்க்கிறார், முளை அடிக்கிறார், எதையோ எழுதிக்கொள்கிறார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறார். அவர் மரியாதை கருதித்தான் பேசவில்லை. யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று நாம்தானே வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம்.

நாங்கள் வேனை விட்டு இறங்கியபோது கடல் பக்கத்தில் வீடே இல்லை. வீடுகள் இருந்த இடத்தில் மணலில் சதுரம் சதுரமாகத் தடம் இருந்தது. அடுப்புக் கல் கிடந்தது. முளைக்கோட்டுக்கு இந்தப் பக்கம், சவுக்குத் தோப்புக்குள், மரத்துக்கு மரம் இடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து வீடுகள் புதுசாக நின்றன. கம்பைப் பிடுங்கி, கீற்றைப் பிரித்து, அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தோப்புக்குள் நட்டிருந்தார்கள். எல்லாரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று எங்களைப் பார்த்தார்கள்.

ரஹீம் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். அவர் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலை அளக்க ஒரு கோடு போட்டார். கடல் அசையவில்லை. ஊர் அசைந்துவிட்டது.

"கரும்பலகையை இறக்குங்கள்" என்றார் ஹெட்.

இறக்கினோம். காற்றில் அது ஆடியது. டிரைவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். ரஹீம் ஆங்கிலத்தில் தொடங்கினார். அன்றைக்கு ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். "இந்தக் கோட்டுக்குக் கிழக்கே உள்ள குடியிருப்பு" என்று சொல்லிக் கையை நீட்டினார். நீட்டிய இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

"எந்தக் குடியிருப்பு?" என்றார் வெளித் தேர்வாளர். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்குக் கிண்டல் வராது.

ரஹீம் பதில் சொல்வதற்குள் தோப்புக்காரர் வந்துவிட்டார். உள்நாட்டு ஊர்க்காரர், விவசாயக் குடும்பம், கடலோரத்தில் இந்தத் தோப்பு அவருக்குச் சொந்தம். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கூட நான்கு ஆட்கள், கையில் அரிவாள். சவுக்கு வெட்டுகிற அரிவாள்தான். ஆனால் அன்று யாரும் சவுக்கு வெட்டப் போவதாகத் தெரியவில்லை.

"யாரைக் கேட்டு என் தோப்புல குச்சி நட்டீங்க?" என்று குப்பத்துக்காரர்களிடம் கத்தினார்.

"எங்களை இன்னாத்துக்குக் கேக்கற? கெவர்மெண்ட்டு முளை அடிச்சிக்கீது. அவங்களக் கேளு. தோ நிக்கறாங்க" என்றார் ஒரு பெண். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. கணவர் கட்டுமரத்தோடு போய்த் திரும்பாதவர் என்றும், இந்தக் கீற்று வீட்டைத் தன்னந்தனியாகப் பிரித்துத் தூக்கி வந்தவர் என்றும் அதற்குப் பிறகு தெரிந்தது.

தோப்புக்காரர் எங்கள் பக்கம் திரும்பினார். முதலில் டிரைவரைப் பார்த்தார், பிறகு வெளித் தேர்வாளரை, கடைசியாக ஹெட்டை. கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஐயா, நீங்க கெவர்மெண்டா?"

நெருக்கடி என்று நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்த நெருக்கடி இதுதான்: ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, அந்த வார்த்தைக்குப் பின்னால் பத்துப் பதினைந்து வீடு. 'ஆமாம்' என்றால் தோப்புக்காரர் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார், வீடுகள் தோப்பிலேயே இருக்கும். 'இல்லை' என்றால் இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் பிய்த்து எறிவார். புரட்டாசி முடியப் போகிறது. அடுத்து மழை. ரஹீம் கணக்குப்படி அந்த மழையில் கடல் முளைக்கோடு வரைக்கும் வந்துவிடும். வெளித் தேர்வாளர் ஹெட்டின் காதில், "எதுவும் பேச வேண்டாம், கிளம்பிவிடலாம்" என்றார். டிரைவர் கரும்பலகையை என்னிடம் முழுசாக விட்டுவிட்டு வேனை நோக்கிப் போனார். எனக்கோ 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் என்ன என்று இருந்தது. ஹெட் அப்படிச் சொல்வார் என்றும் எதிர்பார்த்தேன்.

"இல்லைங்க. நாங்கள் வாத்தியார்கள். முளை அடித்தவர் இவர். என்னவென்று இவரே சொல்வார்" என்றார் ஹெட். பிறகு ரஹீமிடம், "நிறுத்திய இடத்திலிருந்து தொடரலாம். தமிழில்" என்றார்.

இந்த மனிதருக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று அப்போது நினைத்தேன். ஒரு பையனைத் தூக்கி அரிவாளுக்கு முன்னால் போட்டுவிட்டார் என்று ஆத்திரமாக வந்தது.

ரஹீம் சாக்பீஸைக் கீழே போட்டார். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். அதுவரை எங்களிடம் பேசிய சுத்தமான பேச்சை விட்டுவிட்டு, கடைத்தெருவில் பேசுகிற மாதிரி பேசினார்.

"அண்ணாத்த, நான் கெவர்மெண்ட்டு இல்ல. செங்கல்பட்டு இரும்புக் கடை பாய் புள்ள. படிச்சிகினு கீறேன். கடலு எம்மாந்தூரம் வருதுன்னு அளக்கறதுக்கு நான்தான் முளை அடிச்சேன். யாரையும் வூட்டப் பிரிக்கச் சொல்லல. பிரிப்பீங்கன்னு எனக்குத் தெரியாது."

எல்லாரும் அவரவர் வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். முதுகு வலிக்க வலிக்கத் தூக்கி வந்த வீடு.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார் அஞ்சலை.

"நீங்க கேக்கலியேக்கா."

"கெவர்மெண்ட்டக் கேள்வி கேட்டு யாரு பதில் வாங்கிக்கீறாங்க?"

இந்தக் கேள்வியை நான் பல கருத்தரங்குகளில் பலவிதமாகக் கேட்டிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக அல்ல.

தோப்புக்காரருக்கு விஷயம் முடிந்துவிட்டது. "ஆச்சு. கெவர்மெண்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிரிங்கடா" என்று ஆட்களைப் பார்த்தார். ரஹீம் அவருக்கும் வீடுகளுக்கும் நடுவே போய் நின்றார். எதிர்த்து நிற்கிற தோரணை இல்லை. வழியில் தூண் இருந்தால் எப்படி, அப்படி.

"மழ முடியட்டும் அண்ணாத்த. இந்த மழைக்குக் கடலு இந்த முளை வரைக்கும் வரும். இவங்க அங்க இருந்தாங்கன்னா வூட்டோட போயிடுவாங்க."

"வரும்னு உனக்குத் தெரியுமா?"

'தெரியும்' என்று சொல்லிவிட்டால் தோப்புக்காரர் நம்புவார். ஆனால் ஒரு பருவம்கூட அளக்காத ஒருவன் 'தெரியும்' என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு வெளித் தேர்வாளர் இரண்டடி தள்ளி நிற்கிறார்.

"தெரியாது. முன்ன ரெண்டு மழைல கர போன வேகத்தப் பாத்து நெனக்கறேன். தெரிஞ்சிருந்தா இந்த முளையே அடிச்சிருக்க மாட்டேன்" என்றார் ரஹீம்.

தோப்புக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவனிடம் சண்டை போடுவது கஷ்டம். கடைசியில், "பொங்கல் வரைக்கும். கடலு வந்துச்சுன்னா மேல பேசிக்கலாம். வரலன்னா, தம்பி, நீயே வந்து ஒவ்வொரு வூட்டுக் கம்பையும் உன் தோளுல தூக்கிப் பழைய எடத்துல நட்டுக் குடுத்துட்டுப் போவணும். ஒரு குச்சி என் தோப்புல இருக்கக் கூடாது" என்றார். ரஹீம் ஒத்துக்கொண்டார். அரிவாள் ஆட்கள் போய்விட்டார்கள். கரும்பலகையை நான் மெல்லக் கீழே சாய்த்தேன். தோள் இரண்டும் கழன்றுவிட்ட மாதிரி இருந்தது.

திரும்பும் வழியில் வேனுக்குள் வெளித் தேர்வாளர் தன் தீர்ப்பைச் சொன்னார். ஆராய வந்தவன் ஆராய வேண்டியதையே கலைத்துவிட்டான். அது முதல் தப்பு. அளக்காமலே ஆரூடம் சொன்னான். அது இரண்டாவது. திட்டம் நிராகரிக்கப்பட வேண்டும். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

ஹெட் ஜன்னல் வழியே சிங்கப்பெருமாள் கோயில் வரும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "மாணவர் பேசி முடிக்கவில்லையே" என்றார்.

"என்ன?"

"பாதியில் குறுக்கிட்டுவிட்டார்கள். முடிக்காத பேச்சுக்கு எப்படி முடிவு எழுதுவது? கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது."

"எதுவரை?"

"தை வரை."

அப்படி ஒத்திவைக்க விதி இருக்கிறதா என்று வெளித் தேர்வாளர் கேட்டார். கூடாது என்று விதி இல்லை என்றார் ஹெட். என்னைப் பார்த்து, "எழுதிக்கொள்ளம்மா" என்றார். எழுதிக்கொண்டேன். ஏற்பது, திருப்புவது என்ற இரண்டைத் தவிரக் குழுவுக்கு மூன்றாவதாக ஓர் அதிகாரம் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பொறுத்திருப்பது. சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். பொறுத்திருக்கிற குழு திரும்ப அதே இடத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அதற்குப் பெயர் வேறு.

'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாமே என்று நான் அவரிடம் பிறகு தனியாகக் கேட்டேன். "சொல்லியிருந்தால், இனிமேல் நம்மில் எவன் எங்கே முளை அடித்தாலும் ஊர் பிரிந்து கிடக்கும். அப்புறம் நாம் எதை அளப்பது?" என்றார். அவருக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்று நினைத்ததைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். முழுசாக மாற்றிக்கொள்ளவில்லை.

கார்த்திகையில் வேறு ஒரு வேலையாகச் செங்கல்பட்டு போனபோது அந்த இரும்புக் கடைக்குப் போனேன். கூட்டம் எப்போது என்று ரஹீமிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வெளியே போயிருந்தார். அத்தாதான் இருந்தார். எனக்கு ஸ்டூல் போட்டுவிட்டு, "டீச்சரம்மா, கடலு வந்தா படிப்பு, வராட்டா கடை. அப்பிடித்தானே?" என்று கேட்டார். அவ்வளவு எளிதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அவ்வளவு எளிதாகத்தான் இருந்தது.

"ராத்திரி, பகல்னு இல்ல. மழ வந்தா ஓடிப் போயி வாசல்ல நிக்கறான். சாப்பாட்டு முன்னாடி உக்காந்திருந்தாலும் எழுந்துடறான். பேஜாராப் போச்சு" என்றார். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

தை பிறந்து நாங்கள் அதே வேனில், அதே கரும்பலகையோடு போனோம். தோப்புக்காரர் வந்திருந்தார், இந்த முறை ஆட்கள் இல்லாமல். குப்பம் முழுவதும் இருந்தது. வீடுகள் தோப்பிலேயே இருந்தன. முளைகளும் அடித்த இடத்திலேயே இருந்தன, மழையில் சிவப்பு வெளுத்துப்போய்.

கடல் வரவில்லை. முளைக்கோட்டின் பக்கத்தில்கூட வரவில்லை. முன்பு இருந்ததைவிடத் தள்ளிப் போயிருந்தது. எங்கிருந்தோ மணல் வந்து சேர்ந்து கரை அகலமாகிவிட்டிருந்தது. பழைய வீடுகளின் சதுரத் தடங்களுக்கு அப்பால், போன தடவை நாங்கள் பார்க்காத புது மணல், ஒரு காலடி கூடப் படாமல் கிடந்தது. கட்டுமரம் இழுத்துப் போட நல்ல இடம்.

ரஹீம் முன்னால் வந்தார். இளைத்திருந்தார். இந்த முறை யாரும் சொல்லாமலே தமிழில் தொடங்கினார், தோப்புக்காரரைப் பார்த்து, குப்பத்தைப் பார்த்து, பிறகு எங்களைப் பார்த்து.

"நான் சொன்னது தப்பாப் போச்சு. கடல் வரும்னு சொன்னேன். வரல."

வெளித் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியானால் ஆராய்வதற்கு இங்கே என்ன இருக்கிறது?"

"ஏன் வரலன்னு தெரியல சார். ரெண்டு வருஷம் தின்ன கடல், மூணாவது வருஷம் மணலைக் கொண்டாந்து போட்டிருக்கு. அந்த மணல் எங்கேருந்து வந்ததுன்னும் தெரியல. ரெண்டு மழையைப் பார்த்துட்டு மூணாவதைச் சொன்னது என் தப்பு. நிறைய வருஷம் அளக்கணும். அளக்க அனுமதி கேக்கறேன்."

நல்ல பதில். அந்த வயதில் நான் அப்படிச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். ஆனால் அவர் அதைச் சொன்ன குரலில் உயிரே இல்லை. கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சாவு வீட்டில் வெளியே நிற்கிறவர்கள் மாதிரி நின்றார். எங்கள் நிலைமையும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஹெட் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளித் தேர்வாளர் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். ஒரு நல்ல மாணவன் கணக்குத் தப்பிப்போய் நிற்கிறான் என்ற வருத்தம் எல்லார் முகத்திலும்.

அஞ்சலை கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். ரஹீமுக்குப் பக்கத்தில் வந்து, குனிந்து, கவிழ்ந்திருந்த அவர் முகத்தைக் கீழேயிருந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"கடலு வரல. நல்லதுதானே தம்பி. இன்னாத்துக்கு எல்லாரும் எழவு வூட்டுக்கு வந்தா மாதிரி நின்னுகினு கீறீங்க?"

மாணவர்களை மடக்குவதற்கென்றே நான் தயாரித்த கேள்விகள் எத்தனையோ. இந்த ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. ரஹீம் மெல்லத் தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தார். அந்த மழைக்காலம் முழுக்க வாசலில் நின்று எதற்காகக் காத்திருந்தார் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். முகம் சிவந்துவிட்டது.

"ஆமாக்கா" என்றார். சிறிது நேரம் கழித்து, "நல்லதுதான்" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் சொல்லி முடித்தபோது அது உண்மையாக இருந்தது. பிறகு சட்டையைக் கழற்றிக் கரும்பலகை மேல் போட்டுவிட்டுத் தோப்புக்குள் போனார்.

நாங்கள் மூவரும் கூடிப் பேசினோம். பேசினோம் என்பது பேச்சுக்குத்தான். வெளித் தேர்வாளர், "எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றார். ஹெட் என்னைப் பார்த்தார். எழுதுவதற்காகத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டார். குழுவில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. ஏற்கலாம் என்றேன். "அப்படியானால் போய் அவரிடம் சொல்லுங்கள்" என்றார்.

நான் மணலில் நடந்து போனேன். ரஹீம் ஒரு முனையில், அஞ்சலை மறுமுனையில், ஒரு நீளக் கம்பைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். அஞ்சலை, "இங்க இல்ல, இன்னும் அந்தாண்ட, கடல் பக்கம். இப்பதான் எடம் கீதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சந்தோஷம் தாங்காமல் தூரத்திலிருந்தே நான், "ரஹீம், ஏற்றுக்கொண்டாயிற்று" என்று சத்தமாகச் சொன்னேன்.

அவர் நிற்கவில்லை. தோளில் கம்போடு என்னைக் கடந்து போகும்போது, "கொஞ்சம் இருங்க மேடம், அக்கா வூட்ட நட்டுட்டு வந்துடறேன்" என்றார்.

நான் திரும்பிப் போய் அதை அப்படியே ஹெட்டிடம் சொன்னேன். சரி, இருப்போம் என்று அவர் மணலில் உட்கார்ந்தார். வெளித் தேர்வாளரும் உட்கார்ந்தார். கடைசி வீடு எழும்பும் வரை காத்திருந்தோம்.